ரூபியில் வாஸ்ம் ரிசோர்ஸ்: யார் பொருள், யார் மூடணும்? அக்காவின் 8 டிப்ஸ்

ரூபியில பழகினவங்களுக்கு ஒரு சுகம் உண்டு. ஆப்ஜெக்ட்டை உருவாக்கு, வேலை முடிஞ்சதும் மறந்துடு, மிச்சத்தை ஜிசி பார்த்துக்கும். வெப்அசெம்பிளி (வாஸ்ம்) காம்பொனென்ட்டை ரூபியிலேருந்து கூப்பிடுற அன்னிக்கு அந்தச் சுகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வை, தங்கம். அங்கே ரிசோர்ஸ்னு ஒரு வகை இருக்கு. ஃபைல், ஸ்ட்ரீம், டேட்டாபேஸ் இணைப்பு மாதிரி, நகலெடுத்து அனுப்ப முடியாத பொருள். உன் கைக்கு வர்றது அந்தப் பொருள் இல்லை, அதைக் காட்டுற ஹேண்டில் மட்டும்தான். அதை மூடுற பொறுப்பு யாருக்குன்னு ஒவ்வொரு இடத்துலயும் தெரிஞ்சு எழுதணும்.

1. விட் ஃபைலைப் படிச்சுட்டுக் கோடிங்கைத் தொடு

காம்பொனென்ட்டோட இன்டர்ஃபேஸ் விட் மொழியில எழுதியிருக்கும். ஆர்க்யுமென்ட்ல ரிசோர்ஸ் பேர் மட்டும் இருந்தா அது 'ஓன்': உரிமையே கை மாறுது. 'பாரோ'ன்னு சொல்லியிருந்தா இரவல்: அந்த ஃபங்ஷன் கால் முடியுற வரைக்கும்தான். கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த பட்டுப்புடவை விழா முடிஞ்சதும் உன் பீரோவுக்குத் திரும்பணும். தங்கச்சிக்கே கொடுத்துட்ட புடவையைத் திரும்பக் கேட்கக் கூடாது. ரெண்டு விஷயம் கூடவே ஞாபகம் வை. மெத்தட்ல முதல் ஆர்க்யுமென்ட்டா போற அந்த ரிசோர்ஸ் எப்பவும் இரவல்தான். திருப்பித் தர்ற ரிசல்ட்ல இரவல் வரவே முடியாது. ரிசோர்ஸ் திரும்பி வந்தா அது உன்னுது, மூடுற வேலையும் உன்னுது.

2. ஜெம் எதைத் தாங்கும்னு பார்த்துக்கோ

பைட்கோட் அலையன்ஸோட வாஸ்ம்டைம் ஜெம்மை எடுத்துக்கோ. ரெக்கார்டு ரூபி ஹேஷ் ஆகும், லிஸ்ட் அர்ரே ஆகும், ஆப்ஷன்ல ஒண்ணும் இல்லேன்னா நில் ஆகும். இதெல்லாம் வெறும் மதிப்பு, கவலை இல்லை. ஓன், பாரோ ரெண்டுக்கும் நீ போட்டிருக்கிற பதிப்போட டைப் பட்டியல் என்ன சொல்லுதுன்னு தனியா பாரு. அங்கே ஆதரவு இல்லேன்னா ரெண்டு வழி இருக்கு. காம்பொனென்ட் உள்ளேயே ஒரு டேபிள் வச்சு, வெளியே ஒரு முழு எண்ணை மட்டும் கொடுத்து, திற, படி, மூடுன்னு மூணு ஃபங்ஷன் எழுதச் சொல்லலாம். இல்லேன்னா மேக்னஸ்ங்கிற லைப்ரரியை வச்சு ரஸ்ட்ல சின்ன எக்ஸ்டென்ஷன் எழுதலாம். ரஸ்ட் பக்கம் 'ரிசோர்ஸ்எனி'ங்கிற ஹேண்டில் தானா மூடிக்காது. அதுக்கான டிராப் (drop) ஃபங்ஷனை நீதான் கூப்பிடணும்.

3. ஹேண்டிலை வெறும் எண்ணா சுத்த விடாதே

ஒரு ரேப்பர் கிளாஸ் போட்டு, அதுக்கு மூணு நிலை வை: திறந்திருக்கு, கை மாறிடுச்சு, மூடியாச்சு. ஒவ்வொரு மெத்தட்டும் முதல்ல நிலையைப் பார்த்து, சரியில்லேன்னா உன்னோட எர்ரரைப் புரியுற மாதிரி எழுப்பட்டும். அதை விட்டா காம்பொனென்ட் உள்ளே ட்ராப் (trap), அதாவது ஓட்டத்தையே நிறுத்துற எர்ரர், விழலாம். ட்ராப் விழுந்த இன்ஸ்டன்ஸுக்குள்ள மறுபடி நுழைய முடியாது. புது ஸ்டோர் (இன்ஸ்டன்ஸும் அதோட மெமரியும் இருக்கிற இடம்) போட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். டூப், க்ளோன் ரெண்டையும் தடுத்துடு. ரேப்பருக்கு நகல் எடுத்தா ரெண்டு ஆப்ஜெக்ட்டும் ஒரே ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு தடவை மூடப் பார்க்கும்.

4. பிளாக் கொடு, என்ஷ்யூர்ல மூடு

ஃபைலைப் பிளாக்கோட திறந்தா முடிவுல தானா மூடுற வழக்கம் ரூபிக்கே உரியது. உன் ரேப்பருக்கும் அதே மாதிரி எழுது. மூடுற மெத்தட்டை ரெண்டாவது தடவை கூப்பிட்டாலும், ஏற்கெனவே கை மாறியிருந்தாலும், அது சத்தமில்லாம திரும்பணும். அப்போதான் என்ஷ்யூர் பகுதியில யோசிக்காம கூப்பிடலாம்.

5. கொடுத்தா கொடுத்ததுதான்

ஓன் ஆர்க்யுமென்ட்டா அனுப்பின ரிசோர்ஸ், கால் தோத்துப்போனாலும் திரும்பாது. ரிசல்ட்ல எர்ரர் வந்தாச்சு, சரி, மறுபடி முயற்சி பண்ணலாம்னு பழைய ஹேண்டிலைத் தேடினா இருக்காது. அதனால மத்த ஆர்க்யுமென்ட்டை எல்லாம் ரூபியிலேயே சரிபார்த்துட்டு, கடைசி நிமிஷத்துல கை மாத்து. இன்டர்ஃபேஸை எழுதுறது நீயா இருந்தா, எர்ரரோட சேர்த்து அந்தப் பொருளையும் திருப்பித் தர்ற மாதிரி எழுது. இரவலா மட்டும் கொடுத்திருந்தா, கால் முடியுறதுக்குள்ள அந்த ரிசோர்ஸை மூடவோ கை மாத்தவோ முயற்சி பண்ணாதே. உன் ஹோஸ்ட் ஃபங்ஷனுக்கு (காம்பொனென்ட் கூப்பிடுற உன் ரூபி ஃபங்ஷனுக்கு) இரவலா வந்ததை இன்ஸ்டன்ஸ் வேரியபிள்ல பதுக்கி வைக்கவும் கூடாது.

6. ஃபைனலைசர் காவலுக்கு மட்டும்

யாராவது மூட மறந்தா பிடிக்கிறதுக்கு ஃபைனலைசர் வைக்கலாம், தப்பில்லை. ஆனா அதுக்குக் கொடுக்கிற ப்ராக் அதே ஆப்ஜெக்ட்டைப் பிடிச்சிருந்தா, அந்த ஆப்ஜெக்ட் ப்ரோக்ராம் முடியுற வரைக்கும் சாகாது. ப்ராக்கைத் தனி கிளாஸ் மெத்தட்ல உருவாக்கு. இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. காம்பொனென்ட் ஓடிக்கிட்டிருக்கும்போது உன் ரூபி ஃபங்ஷனைக் கூப்பிடும், அந்த நேரம் பார்த்து ஜிசி வரும், ஃபைனலைசர் ஓடும். அங்கேருந்து ரிசோர்ஸை மூடுற டெஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டா, ஏற்கெனவே உள்ளே ஓடுற இன்ஸ்டன்ஸுக்குள்ள மறுபடி நுழையுறதா ஆகிடும். காம்பொனென்ட் மாடல் அதை அனுமதிக்காது. அதனால ஃபைனலைசர் ஹேண்டிலை ஒரு க்யூல போட்டுட்டு ஒதுங்கிடட்டும். அடுத்த கால் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் க்யூவைக் காலி பண்ணு. க்யூக்குள்ள ஏதாவது வந்தா லாக்ல ஒரு வரி எழுது. எங்கே மூட மறந்தோம்னு காட்டிக்கொடுக்கும்.

7. பிள்ளை முதல்ல, தாய் அப்புறம்

2024 ஜனவரியில வந்த வாஸி (வெப்அசெம்பிளி சிஸ்டம் இன்டர்ஃபேஸ்) 0.2-ல ஸ்ட்ரீமிலேருந்து ஒரு போலபிள் (ஸ்ட்ரீம் தயாரான்னு காத்திருக்க உதவுற ரிசோர்ஸ்) எடுத்தா, அது அந்த ஸ்ட்ரீமோட பிள்ளை. பிள்ளை உயிரோட இருக்கும்போது ஸ்ட்ரீமை மூடினா ட்ராப் விழலாம். பிளாக்குக்குள்ள பிளாக்கா எழுதினா வரிசை தானாவே சரியா வரும். ஜிசி கையில விட்டா எது முதல்ல போகும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

8. ஸ்டோரோட ஆயுளைச் சின்னதா வை

வாஸ்ம் மெமரி 64 கேபி பக்கம் பக்கமா வளரும், சுருங்கவே சுருங்காது. ரூபி ஜிசிக்கு உன் ரேப்பர் சின்ன ஆப்ஜெக்ட்டாத்தான் தெரியும். அதுக்குப் பின்னாடி 200 எம்பி நிக்குறது அதுக்குத் தெரியாமப் போகலாம். ஸ்டோர் உருவாக்கும்போதே மெமரிக்கு லிமிட் போடு. ஒரு வேலைக்கு ஒரு ஸ்டோர்னு வச்சு, முடிஞ்சதும் விட்டுடு. ஆனா ஸ்டோர் போகும்போது காம்பொனென்ட் உள்ளே இருக்கிற டெஸ்ட்ரக்டர் எதுவும் ஓடாது. ஃபைல்ல எழுத வேண்டிய கடைசிப் பகுதி பஃபர்ல இருந்தா அது போச்சு. அதனால ரிசோர்ஸை எல்லாம் மூடிட்டு ஸ்டோரை விடு. பூமா மாதிரி ஃபோர்க் பண்ற சர்வர்ல, ஃபோர்க்குக்கு அப்புறம் ஒவ்வொரு வொர்க்கரும் சொந்தமா ஸ்டோர் போட்டுக்கட்டும். ஒரு ஸ்டோரோட ஹேண்டில் இன்னொண்ணுல செல்லாது.

இதெல்லாம் சரியா நடக்குதான்னு பார்க்க, ரேப்பர் கிளாஸ்ல திறந்திருக்கிற ஹேண்டிலை எண்ணுற ஒரு கவுன்ட்டர் வை. ஒவ்வொரு டெஸ்ட் முடியும்போதும் அது 0-ன்னு சரிபார். இல்லேன்னா டெஸ்ட் ஃபெயில் ஆகட்டும். மத்ததை அப்புறம் எழுதலாம், இந்தக் கவுன்ட்டரை மட்டும் இன்னிக்கே போட்டுடு.