இசுலாமியச் சட்ட நெறிகள் நான்கும் நம் நெல்நாடும்

கும்பகோணத்தினின்று தஞ்சைக்குப் புகைவண்டியில் செல்வோர், பாபநாசத்தைக் கடந்ததும் பண்டாரவாடை, ஐயம்பேட்டை என்னும் நிலையங்களைக் காண்பர். இருமருங்கும் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு மேலே பள்ளிவாசலின் மினாரா. இராசகிரி, பண்டாரவாடை, சக்கராப்பள்ளி முதலிய இவ்வூர்களில் வாழும் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனபி நெறியினர். இவ்வாற்றுப் பாய்ச்சல் கடலைச் சேருமிடத்து உள்ள நாகப்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் முதலிய துறைகளிலோ ஷாபிஈ நெறியினர் மிகுதி. அரபு நாட்டு வணிகரொடு கடல்வழி வந்த தொடர்பு கரையோரத்தில் ஒரு நெறியையும், வடக்கினின்று தரைவழி வந்த தொடர்பு உள்நாட்டில் மற்றொரு நெறியையும் நிலைபெறச் செய்தன என்பர்.

நாகூர்க்காரர் ஒருவர் பண்டாரவாடைப் பள்ளியில் தொழ நேரின், 'ஆமீன்' என்று வாய்விட்டு உரைப்பார். அருகில் நிற்பவரோ அதனை மனத்துக்குள் சொல்லுவார். பிற்பகலில் நிழல் பொருளின் உயரத்தளவு நீண்டவுடன் முன்னவர்க்கு அஸர் வேளை வந்துவிடும். பின்னவர்க்கு இருமடங்கு நீளவேண்டும். இத்தகைய வேற்றுமைகளைக் கண்டு இவை வெவ்வேறு மதங்களோ என மயங்குவாரும் உளர். அங்ஙனம் அன்று. தொழுகை முறையைக் காட்டிலும் நெற்களத்திலும் குடும்பத்திலும் இவற்றின் வேற்றுமை எவ்வாறு விளைகின்றது என்பதே ஆராயத்தக்கது.

நெறி வகுத்த நால்வரும் ஒருவரோடொருவர் பகைத்தவரல்லர். கூபா நகரத்துப் பட்டு வணிகரான இமாம் அபூஹனீபா (699–767), சான்று வெளிப்படையாக இல்லாதவிடத்து ஒப்புநோக்கி முடிவு காணும் ஆராய்ச்சிக்குப் பேரிடம் அளித்தார். மதீனாவில் வாழ்ந்த இமாம் மாலிக் (711–795), நபிகள் நாயகம் வாழ்ந்த அவ்வூராரின் வழக்கத்தையே ஒரு சான்றாகக் கொண்டார். காஸாவில் பிறந்த இமாம் ஷாபிஈ (767–820), மாலிக்கிடம் பாடங்கேட்டுப் பின்னர் பக்தாதில் அபூஹனீபாவின் மாணாக்கராகிய முகம்மது ஷைபானியிடமும் பயின்றவர். இவர் எகிப்துக்குச் சென்றபின் தம் பழைய தீர்ப்புகள் பலவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார். பழைய சொல், புதிய சொல் என இரண்டும் அந்நெறி நூல்களில் இன்றும் அருகருகே காணப்படும். தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டதை மறைக்காத இந்நேர்மை எனக்கு மிக உவப்பானது. இமாம் அகமது இப்னு ஹன்பல் (780–855) ஷாபிஈயிடம் பயின்றவர். ஆகவே இது ஆசிரியர் மாணாக்கர் வரிசையே யாம்.

இனி நெற்களத்துக்கு வருவோம். பாபநாசம் சிவாலயத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உளது. மூவாயிரங் கலம் கொள்ளும் என்பர். நெல்லே செல்வமாக இருந்த இந்நாட்டில், விளைவில் ஏழைகட்குரிய பங்கு எவ்வளவு என்னும் வினா சிறியதன்று. வானும் ஆறும் நீரூட்டினால் பத்தில் ஒன்று, மனிதன் இறைத்து ஊட்டினால் இருபதில் ஒன்று என்பதில் நால்வரும் உடன்படுவர். இப்பங்குக்கு 'உஷ்ரு' என்று பெயர். எவ்வளவு விளைந்தால் இது கடமையாகும் என்பதிலேதான் பிரிவு தோன்றுகின்றது. வான் நீரால் விளைந்ததில் பத்திலொன்று எனப் பொதுவாகக் கூறும் நபிமொழி ஒன்று. ஐந்து வஸ்க்குக்குக் குறைந்ததில் கடமையில்லை எனக் கூறும் நபிமொழி மற்றொன்று. அபூஹனீபா முன்னதன் பொதுமையைப் பற்றிக்கொண்டு, அளவு எதுவாயினும் பங்கு உண்டென்றார். அவருடைய மாணாக்கர் இருவரும் ஏனை இமாம்களும் பின்னதைக் கொண்டு முன்னதை வரையறுத்தனர். ஐந்து வஸ்க் என்பது முந்நூறு ஸாஉ. இக்காலத்தார் அதனை ஏறத்தாழ 650 கிலோ தானியம் எனக் கணிப்பர். ஷாபிஈ நூலார் இதனினும் நுணுகி, நெல்லை உமியோடு சேமித்தால் பத்து வஸ்க் முகந்து காணவேண்டும் என்பர். உமி நீங்கினால் அரிசி ஐந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. பாலைநிலத்தில் எழுந்த சட்டம் உமியளவு வரை நெல்லை எண்ணியிருப்பது வியப்பன்றோ!

வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் உடையார்க்கு வேற்றுமை இன்னும் பெரிது. நிலத்தில் மனிதன் விளைவிப்பது எதுவாயினும் அபூஹனீபாவிடம் அதற்கும் பங்கு உண்டு. ஷாபிஈயோ சேமித்து உண்ணும் தானியத்தோடும், பேரீச்சை, திராட்சையோடும் நிறுத்திவிடுவார். வாழைக்கும் வெற்றிலைக்கும் விளைவில் ஒன்றுமில்லை, விற்ற பணம் ஓராண்டு தங்கினால் அதற்குரிய ஜகாத்து மட்டுமே. ஏழையின் பக்கம் நின்று நோக்கின் இவ்விடத்துக் கூபா நகரத்தாரே தாராளமானவர்.

நீரின் கணக்கும் இங்ஙனமே. குறுவையைக் குழாய்க்கிணற்று நீரால் தொடங்கிப் பின்னர் ஆற்று நீரால் முடிப்பவர் இந்நாளில் பலர். ஷாபிஈ நெறியில் பயிரின் வளர்ச்சி எந்நீரால் எத்துணை நிகழ்ந்தது என்று பகுத்துப் பங்கிடுவர். இரண்டும் சமமாயின் பத்திலொன்றில் முக்காற்பங்கு. ஹனபி நெறியில் எந்நீர் மிகுதியோ அதுவே தீர்மானிக்கும். வாய்க்கால் வெட்டச் செலவாயிற்றே எனக் கூறி இருபதிலொன்றுக்கு இறங்குதற்கு ஷாபிஈ நூலார் இடந்தரவில்லை.

நிலமொருவருடையது, உழுபவர் வேறொருவர் என்னும் நிலை தஞ்சையில் நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது. குத்தகைக்கு விட்ட நிலத்தில் இப்பங்கை யார் கொடுப்பது? அபூஹனீபா, இது நிலத்தின்மேல் நிற்கும் கடமை; ஆகவே நிலத்துக்குடையவர் கொடுக்க வேண்டும் என்றார். அவர் மாணாக்கரும் மற்றை மூன்று இமாம்களும், இது விளைவின்மேல் நிற்பது. விளைவு யாருடையதோ அவரே கொடுக்க வேண்டும், எனவே குத்தகையாளர்மேல் சாரும் என்றனர். வாரத்துக்கு விடுதலிலோ நிலைமை மாறுகின்றது. விளையுமோ விளையாதோ என்னும் நிச்சயமின்மையால் வாரமே செல்லாது என்பது அபூஹனீபாவின் சொல். மாணாக்கர் அதனைச் செல்லும் என்றனர். ஹனபி நெறியார் இதில் ஆசிரியரை விட்டு மாணாக்கரையே பின்பற்றுகின்றனர். மக்களின் தேவையும் நெடுநாள் வழக்கும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. ஒரு நெறிக்குள்ளேயே இத்துணை நெகிழ்ச்சி உண்டு.

அங்ஙனமாயின், ஒரு நெறியினின்று மற்றொரு நெறிக்குச் செல்லுதலும் கூடுமோ? 1864-ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஷாபிஈ குடும்பத்தில் பிறந்த பெண்ணொருத்தி, பருவமெய்தியபின் ஹனபி நெறியை மேற்கொண்டு, தந்தையின் சம்மதமின்றி நிக்காஹ் செய்துகொண்டாள். கன்னிப் பெண்ணுக்குத் தந்தை போன்ற 'வலி' இன்றி மணமில்லை என்பது ஷாபிஈ விதி. பருவமெய்திய பெண் தானே மணம் பேசலாம் என்பது ஹனபி விதி. அவள் நெறி மாறியதும் மணந்ததும் செல்லும் என்று நீதிமன்றம் தீர்த்தது.

தனியொருத்தி செய்த இக்காரியத்தைப் பின்னர் ஒரு சட்டமே நாடு முழுமைக்கும் செய்தது. நம் ஊர்ப்புறத்துக்கு அது நெருங்கியதாகும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் கடைவைக்கச் சென்ற ஆடவர் இந்த ஆற்றோர ஊர்களில் பலர். கடிதம் வரும், பணம் வரும், சிலர்க்கு ஒருநாள் இரண்டும் நின்றுபோகும். அவன் இருக்கின்றானா இறந்தானா என்பது அறியாது வீட்டில் ஒருத்தி இருப்பாள். ஹனபி நூல்களின்படி அவன் வயதொத்தவர் எல்லாரும் இறக்குமளவும் அவள் காத்திருக்க வேண்டும். அவன் பிறந்து தொண்ணூறு ஆண்டு நிறைதல் எனப் பலர் வரையறுத்தனர். ஷாபிஈயின் பழைய சொல் நான்காண்டு என்றது. புதிய சொல் இறப்பு உறுதியாகும்வரை என்றது. கலீபா உமரின் தீர்ப்பைப் பின்பற்றிய மாலிக்கோ, காஜியிடம் முறையிட்டு நான்காண்டு, அதன்பின் கணவனை இழந்தாள் இருக்கும் இத்தா நான்கு மாதம் பத்து நாள், அப்பால் அவள் மணக்கலாம் என்றார். தமிழகத்தில் மாலிக்கி நெறிக்குப் பள்ளிவாசல் உண்டென யான் கேட்டதில்லை. ஆயினும் இவ்வேழைப் பெண்ணின் துயரைத் துடைத்தவர் அவரே.

வட இந்தியாவில் விடுதலைக்கு வேறு வழி காணாத பெண்கள் சிலர் மதத்தையே துறந்தனர். துறந்தால் மணம் முறியும் என்பது அக்காலத்து ஹனபிக் கொள்கை. இதனைக் கண்டு வருந்திய மௌலானா அஷ்ரப் அலி தானவி, தாம் உறுதியான ஹனபியாக இருந்தும், 1930-களின் தொடக்கத்தில் மாலிக்கி விதியை மேற்கொள்ளலாம் என்று நூல் எழுதினார். பின்னர் காஜிமி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதா 1939-இல் முஸ்லிம் மண முறிவுச் சட்டமாயிற்று. துன்பம் நேருமிடத்துப் பிற நெறியைக் கைக்கொள்ளலாம் என ஹனபி அறிஞரே கூறியிருத்தலை அம்மசோதாவின் நோக்கவுரை எடுத்துக்காட்டிற்று. முஸ்லிம் நீதிபதியே விசாரிக்கவேண்டும் என்று உலமாக்கள் விரும்பியதோ நிறைவேறவில்லை. அதனால் அவர்களிற் பலர் மனநிறைவு கொள்ளாமைக்கு நியாயம் உண்டென்றே எண்ணுகின்றேன்.

அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உளது. கணவன் இருக்குமிடம் நான்காண்டு தெரியாதிருப்பின் மனைவி நீதிமன்றத்தை நாடலாம். ஈராண்டு உணவும் உடையும் அளியாதிருத்தலும் தனிக் காரணமாகும். காணாமற் போனவன் வழக்கில் தீர்ப்பு உரைத்த நாளினின்று ஆறு மாதம் அது செயற்படாது நிற்கும். அதற்குள் அவன் தானாகவோ தன் முகவர் வாயிலாகவோ வந்து, இல்லறக் கடமையை ஆற்றச் சித்தமாக இருப்பதை நீதிமன்றத்துக்குத் தெளிவித்தால் தீர்ப்பு நீக்கப்படும். அவனுடைய வாரிசுகளுக்கெல்லாம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவன் தந்தையுடன் பிறந்தாரும் அவனுடன் பிறந்தாரும் வாரிசுகளாக இல்லாவிடினும் வழக்கில் சேர்க்கப்பட வேண்டும். அவனிடமிருந்து கடைசியாக வந்த கடிதம் இன்னதென்று அறியக்கூடியவர் பெரும்பாலும் அவர்களே.