தறி எத்தனை?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ் புத்தகம் இருக்கும். பாவு எவ்வளவு எடை, ஊடை எவ்வளவு, ஜரிகை எத்தனை மார்க் வாங்கினோம் என்று ஒரு பக்கம். நெய்து கொடுத்த புடவை, அதன் எடை, கூலி, பிடித்தம் என்று எதிர்ப்பக்கம். புடவையைக் கொண்டுபோய்த் தராசில் வைக்கும்போது அப்பா முள்ளைப் பார்க்க மாட்டார், எழுதுகிறவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தராசில் வந்த எடையை எழுதும்போது மாற்றிவிட்டால் பிடித்தம் அவர் கூலியில்தான் விழும்.

பதினெட்டு வருடமாக நான் பெரிய நிறுவனங்களுக்கு பி.ஐ. தளம் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பி.ஐ. என்றால் பிசினஸ் இன்டெலிஜென்ஸ். ஒரு நிறுவனத்தில் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும் கணக்குகளைத் திரட்டி, பிழை நீக்கி, முடிவெடுக்க வேண்டியவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும்படி வைப்பது. ஊருக்கு வரும்போதெல்லாம் காந்தி சாலை பட்டுக்கடைக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். விசாரிப்போடு சேர்ந்து வரும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவற்றை நம்பிப் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம்பிக்கை: பி.ஐ. என்பது திரையில் கலர் கலராக வரும் படம்

படம் கடைசியில் வருவது. அதற்குக் கீழே நான்கைந்து அடுக்கு இருக்கிறது. பில் போடும் மென்பொருள், சரக்குப் பதிவேடு, கூலிக் கணக்கு ஆகியவை மூலம். அங்கிருந்து தரவை எடுத்து, ஒரே சீராக மாற்றி, வேறிடத்தில் ஏற்றுவது அடுத்த அடுக்கு. எங்கள் தொழிலில் ஈ.டி.எல். என்போம். ஏற்றி வைக்கும் இடம் தரவுக் கிடங்கு. அதற்கு மேலே சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஓர் அடுக்கு. அதற்கும் மேலேதான் யார் எதைப் பார்க்கலாம், எந்த அறிக்கை எத்தனை மணிக்கு யாருக்குப் போக வேண்டும் என்று கவனிக்கும் சர்வரும், நாம் பார்க்கும் திரையும்.

எடுத்து மாற்றும் அடுக்கில் என்ன நடக்கிறது என்பதற்கு ஜரிகையே போதும். பட்டு கிராமில் எழுதப்படும், ஜரிகை மார்க்கில் எழுதப்படும். ஒரு மார்க் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிளையில் ‘4’ என்று மட்டும் பதிந்திருந்தார்கள். மார்க் என்று எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஜரிகை. கிராம் என்று எடுத்தால் சிட்டிகை அளவு. கணினி கிராம் என்றே எடுத்துக்கொண்டது. திரையில் வந்த படம் வெகு அழகாக இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் அந்தக் கிளையில் ஜரிகையே இல்லாமல் புடவை நெய்திருக்கிறார்கள்!

பொருள் சொல்லும் அடுக்கைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை. என் அனுபவத்தில் ஒரு தளம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம், ‘தறி எத்தனை?’ என்று கேட்டேன். மேலாளர் ஒரு எண் சொன்னார், கிடங்கு எழுத்தர் வேறொன்று சொன்னார், கூலி போடுகிறவர் மூன்றாவதாக ஒன்று. மூவரும் சொன்னது உண்மைதான். மேலாளர் உறுப்பினர் பதிவேட்டில் உள்ள தறியைச் சொன்னார். கிடங்கில் இருப்பவருக்கு அந்த மாதம் பாவு வாங்கிப்போன தறிதான் தறி. கூலி போடுகிறவருக்குப் புடவை கொண்டுவந்த தறி. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று புடவை இறங்கும், நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பாவு வாங்கிய மாதமும் புடவை வரும் மாதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் வாங்கிய பட்டையும் வந்த புடவையையும் மாதவாரியாகக் கழித்துப் பார்த்தால் நேர்மையான நெசவாளி திருடனாகத் தெரிவான். அந்தப் பட்டு எங்கும் போகவில்லை, தறியில் ஏறி இருக்கிறது.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம். மேடைகளில் இதையே ‘35 லட்சம் நெசவாளர்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் சுமார் 26.7 லட்சம். மீதி எட்டரை லட்சம் பேர் நூல் சுற்றுவது, பாவு போடுவது, சாயம் ஏற்றுவது போன்ற துணைத் தொழில்களில் இருக்கிறார்கள். எந்த எண்ணைச் சொல்கிறோம் என்று தெரியாமல் திட்டம் போட்டால், அந்த எட்டரை லட்சம் பேரில் இருக்கும் பெண்களின் உழைப்பு கணக்கில் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் பொருள் அடுக்கு. 1990-ல் பிரான்சில் தொடங்கிய பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனம் அதற்கு ‘யூனிவர்ஸ்’ என்று பெயர் வைத்தது, காப்புரிமையும் பெற்றது. கேட்கிறவர் ‘விற்பனை’, ‘கடை’, ‘மாதம்’ என்று தமக்குத் தெரிந்த சொற்களை எடுத்து வைத்தால் போதும். தரவுத்தளத்துக்குப் புரியும் கேள்வியாக அந்த அடுக்கே அதை மாற்றும். விற்பனை என்றால் பில் தொகையா, ரிபேட் கழித்ததா, ஜி.எஸ்.டி. சேர்த்ததா, திரும்பி வந்த புடவையைக் கழிக்க வேண்டுமா என்பதையெல்லாம் ஒரே முறை உட்கார்ந்து பேசி, அங்கே எழுதி வைத்துவிடுவார்கள். பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில். பேசி முடிவெடுப்பது மனிதர்கள் செய்ய வேண்டியது. எந்தக் கம்பெனியும் அதைப் பெட்டியில் போட்டு விற்பதில்லை.

நம்பிக்கை: பில் போடும் கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே, தனிக் கிடங்கு எதற்கு?

முகூர்த்த நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. மேலே அறையில் ஒருவர், மூன்று வருட விற்பனையை நிறவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லி அதே தரவுத்தளத்தில் ஒரு கேள்வியை ஓடவிட்டார். கீழே பில் போடும் இடத்தில் திரை உறைந்து நின்றது. கல்யாணப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அரை மணி நேரம் காத்திருந்தது. அன்றைக்கு அந்தக் கேள்வியை ஓடவிட்டவனே நான்தான். தொழிலுக்கு வந்த புதிது.

பில் போடும் தரவுத்தளம் ஒரு நேரத்தில் ஒரு சிறு பதிவை வேகமாக எழுதுவதற்கென்று அமைந்தது. லட்சக்கணக்கான பதிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது வேறு மாதிரியான வேலை. 1993-ல் இந்த இரண்டாவது வகைக்கு ஓலாப் என்ற பெயரைப் பரப்பிய எட்கர் காட், 1970-ல் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கே அடித்தளம் போட்டவர். பில் இன்மன் 1992-ல் எழுதிய புத்தகமும் ரால்ஃப் கிம்பால் 1996-ல் எழுதிய புத்தகமும் கிடங்கை எப்படிக் கட்டுவது என்பதற்கு இரண்டு வழி காட்டின. இன்மன் நிறுவனம் முழுவதற்கும் பொதுவான கிடங்கை முதலில் கட்டச் சொன்னார். கிம்பால் விற்பனை, கொள்முதல் என்று ஒவ்வொரு நடவடிக்கையாக எடுத்து, நடுவில் நடந்ததன் அளவையும் சுற்றிலும் தேதி, புடவை, கடை, நெசவாளர் என்ற விவரங்களையும் வைக்கச் சொன்னார். நம் ஊர் அளவுக்குக் கிம்பால் வழி போதும் என்பது என் எண்ணம்.

கிடங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழைய பில்கள் இருந்தாலும், விலை, சங்கம் போன்ற விவரங்களில் பில் கணினிக்கு இன்றைய நிலைதான் தெரியும். ஜரிகையில் பட்டு நூலோடு செம்பு, வெள்ளி, தங்க முலாம் எல்லாம் இருக்கிறது; வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலையும் ஏறும். புது விலையைப் பழைய விலையின் மேலேயே எழுதிவிட்டால், போன வருடம் லாபத்தில் விற்ற புடவை இன்றைய கணக்கில் நஷ்டமாகத் தெரியும். நெசவாளர் ஒரு சங்கத்திலிருந்து வேறு சங்கத்துக்குப் போனால், அவர் பழைய சங்கத்துக்கு நெய்து கொடுத்ததெல்லாம் புதிய சங்கத்தின் பேரில் ஏறிவிடும். கிடங்கில் அப்படி அழித்து எழுதுவதில்லை. பழைய வரியை அப்படியே விட்டு, எந்தத் தேதி வரை அது செல்லும் என்று குறித்து, கீழே புது வரி போடுவோம். பாஸ் புத்தகத்தில் தப்பாக விழுந்த எண்ணை உரசி அழிக்காமல், குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது போல.

‘எல்லாம் நொடிக்கு நொடி தெரிய வேண்டும்’ என்கிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புடவை நெய்யப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் தொழிலில், ராத்திரி ஒரு முறை கிடங்கு நிரம்பினால் காலையில் போதும்.

நம்பிக்கை: எக்ஸெல் இருக்கும்போது இதெல்லாம் வீண் செலவு

பாதி உண்மை. இருநூறு உறுப்பினர், ஒரு கடை உள்ள சங்கத்துக்கு ஒழுங்காக வைத்த எக்ஸெல் போதும் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடை நான்காகி, ஆளுக்கொரு கோப்பு, கோப்புக்கு நான்கு பிரதி என்று ஆகும்போதுதான் சிக்கல். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் சுமார் 16,000 பேரின் கொரோனா முடிவுகள் தேசியக் கணக்கில் ஏறாமல் விடுபட்டது தெரியவந்தது. பழைய எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் வேலை பல நாள் தள்ளிப்போனது. இப்போதைய எக்ஸெலில் 10,48,576 வரி உண்டு. ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

நம்பிக்கை: பெரிய பெயருள்ள கருவியை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது

2007 என்ற ஒரே ஆண்டில் ஹைபீரியனை ஆரக்கிளும், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்.ஏ.பி. நிறுவனமும், காக்னோஸை ஐ.பி.எம்.மும் வாங்குவதாக அறிவித்தன. டேப்லோ 2019-ல் சேல்ஸ்ஃபோர்ஸிடம் போனது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க வேண்டியது வேலையை. அச்சிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டிய கூலிப் பட்டியலுக்கு ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் விழும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் மாதிரி ஒன்று வேண்டும். தாமே தோண்டிப் பார்க்க விரும்பும் மேலாளருக்கு வெப் இன்டெலிஜென்ஸோ பவர் பி.ஐ.யோ பொருந்தும். தமிழ்நாட்டிலிருந்தே வரும் ஜோஹோ அனலிட்டிக்ஸ் இருக்கிறது. உரிமக் கட்டணம் இல்லாமல் தொடங்க மெட்டாபேஸ், சூப்பர்செட் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கிடங்கும் ஒரே பொருள் அடுக்கும் இருந்தால், கருவியை நாளைக்கு மாற்றினாலும் நஷ்டமில்லை.

நம்பிக்கை: இது நமக்கு ஒட்டாத வெளிநாட்டுச் சரக்கு

சொல் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ல் இந்தத் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். கணக்கைக் கேட்கும் பழக்கமோ நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. இதே மாவட்டத்தில் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் சேர்க்கக் கூடாது என்று அது விதிக்கிறது. நம் நாளில், 2021 டிசம்பரில், தமிழ்நாட்டு முதலமைச்சருக்கென்று துறைவாரித் தகவல் பலகை ஒன்று தொடங்கப்பட்டது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இந்தப் பலகைகள் எல்லாம் மேலே இருப்பவர் கீழே பார்ப்பதற்கென்றே கட்டப்படுகின்றன. வரிவாரிப் பாதுகாப்பு என்ற வசதி எந்த நல்ல தளத்திலும் இருக்கிறது. ஒருவருக்கு அவருடைய வரிகள் மட்டும் தெரியும்படி செய்யலாம். ஒரு நெசவாளியின் கடன் பாக்கி அடுத்த தெருவுக்குத் தெரியாமல் காப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறோம், அது சரி. அதே வசதியை வைத்து அந்த நெசவாளி தன் பாவு, தன் ஜரிகை, தன் கூலி, தன் பிடித்தத்தை வீட்டிலிருந்தே போனில் பார்க்கும்படியும் செய்யலாம். கூடுதல் செலவு பெரிதாக இல்லை. நான் போகிற இடத்திலெல்லாம் இதைக் கேட்கிறேன், இன்னும் கேட்பேன்.

நம்பிக்கை: இனி ஏ.ஐ.யிடம் தமிழில் கேட்டால் போதும், இந்த அடுக்கெல்லாம் வேண்டாம்

சில மாதங்களுக்கு முன்னால், மேலே சொன்ன சங்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தோம். பொருள் அடுக்கை இணைக்காமல், கிடங்கை மட்டும் காட்டி, ‘இந்த மாதம் எத்தனை தறி ஓடுகிறது?’ என்று தமிழிலேயே கேட்டேன். இரண்டு நொடியில் பிழையில்லாத ஒரு வாக்கியமும் ஒரு எண்ணும் வந்தன. சுற்றி நின்ற இளைஞர்கள் கை தட்டினார்கள். முப்பது வருடமாகக் கிடங்கில் பாவு நிறுத்துக் கொடுக்கும் எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த எண்ணை ஒரு முறை படித்தார்.

“இது எந்தத் தறி தம்பி?”

உள்ளே போய்ப் பார்த்தால், ‘தறி’ என்று பெயரிட்ட ஒரே பத்தி உறுப்பினர் பதிவேட்டில்தான் இருந்தது; ஏ.ஐ. அங்கிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறது. தறியை விற்றுவிட்டு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவர்களும் அந்த எண்ணில் இருந்தார்கள். அன்று சாயங்காலம் வரை மேலாளர், எழுத்தர், கூலி போடுகிறவர், நான் என்று நால்வரும் உட்கார்ந்து, பதிவுத் தறி, பாவு ஏறிய தறி, புடவை இறங்கிய தறி என்று மூன்று பெயர் வைத்தோம். எழுத்தர் தன் கையாலேயே அவற்றை ஒரு தாளில் எழுதி, தராசுக்கு மேலே சுவரில் ஒட்டினார். மறுநாள் நான் அதைப் பார்த்துத்தான் பொருள் அடுக்கில் ஏற்றினேன்.