பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் எங்கே போகிறது?

காலை வேளையில் சென்னை அண்ணா சாலையில் காரில் சென்றிருக்கிறீர்களா? கார் புறப்படும், சிறிது தூரம் ஓடும், சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கும், மீண்டும் புறப்படும். நெடுஞ்சாலையில் ஓடுவதைவிட நகருக்குள் ஓடும்போது பெட்ரோல் அதிகம் செலவாகிறது என்று பெரியவர்கள் குறைபட்டுக் கொள்வதையும் கேட்டிருப்பீர்கள். காரும் அதேதான், பெட்ரோலும் அதேதான். பின் ஏன் இந்த வேறுபாடு? நீங்கள் படித்த ஒரு சூத்திரமே விடை சொல்லும்.

ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதியை எடுத்தால் அதன் இயக்க ஆற்றல் கிடைக்கும். ஓட்டுபவரையும் சேர்த்து ஒரு காரின் நிறை 1000 கிலோகிராம் என்று கொள்வோம். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர். எனவே இயக்க ஆற்றல் 50,000 ஜூல்.

பிரேக்கை மிதித்ததும் இந்த ஆற்றல் என்னவாகிறது? ஆற்றலை அழிக்க முடியாது அல்லவா? உராய்வினால் அது வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. 150 மில்லிலிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 44,000 ஜூல் போதும். அதாவது ஒவ்வொரு சிக்னலிலும் ஒருவருக்குத் தேநீர் போடத் தேவையான வெப்பத்தை வீணாக்குகிறோம்!

இதைப் பெட்ரோல் கணக்கில் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் ஆற்றல் உள்ளது. நகரப் பயணத்தில் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே சக்கரங்களை எட்டுகிறது என்று கொள்வோம். எனவே 50,000 ஜூலைப் பெற 2,50,000 ஜூல் தரும் பெட்ரோலை எரிக்க வேண்டும். அது சுமார் 8 மில்லிலிட்டர். இருபது முறை நின்று புறப்பட்டால் 160 மில்லிலிட்டர்! நிற்கும்போது எஞ்சின் ஓடுவதால் ஆகும் செலவு தனி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டுபவரின் நிறை 60 கிலோகிராம் என்றால், அந்த 50,000 ஜூலில் அவர் பங்கு 3,000 ஜூல்தான். மீதி 47,000 ஜூலும் காரை நகர்த்தவே செலவாகிறது. அதே காரில் நால்வர் சென்றால் மொத்தம் 59,000 ஜூல். ஆளுக்கு 15,000 ஜூலுக்கும் குறைவு. நாலு பேர் நாலு காரில் போவதற்கும் ஒரே காரில் போவதற்கும் உள்ள வேறுபாடு இப்போது புரிகிறதா?

இழக்கும் ஆற்றலை மீட்க முடியாதா? முடியும். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக வேலை செய்து, ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ ரயிலிலும் இதே தத்துவம் பயன்படுகிறது.

பெட்ரோல் காரிலும் ஒரு வழி உண்டு. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அந்த மீதித் தூரத்தைக் கார் தன்னிடமுள்ள இயக்க ஆற்றலைக் கொண்டே கடக்கும். கடைசி நொடி வரை விரைந்து சென்று பிரேக்கை மிதிப்பவர், பணம் கொடுத்து வாங்கிய ஆற்றலைச் சூடாக்கி வீசுகிறார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த முறை காரில் செல்லும்போது அது எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். வேகம் மணிக்கு 54 கிலோமீட்டராக இருந்தால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல் வீணாகும்? கணக்கிட்டு வீட்டில் கார் ஓட்டுபவரிடம் சொல்லுங்கள். விடை ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டு மடங்குக்கும் மேல் என்பது அவருக்கு வியப்பைத் தரும்!