நோயுற்ற சிறாரும் விஞ்ஞான விளையாட்டும்

விளையாட்டு வேறு, கல்வி வேறு என்று கருதுவார் நம்மிற் பலர். விஞ்ஞான வரலாறோ அவ்வாறு கூறவில்லை. 1816-ஆம் ஆண்டில், பாரிஸ் மாநகரத்து நெக்கர் வைத்தியசாலையில், ரெனே லென்னெக் என்னும் வைத்தியர் இருதய நோயுற்ற பெண்ணொருத்தியைச் சோதிக்க நேர்ந்தது. அவள் மார்பிற் செவி வைத்துக் கேட்டல் தகாதென்று தயங்கிய அவர், காகிதத் தாள்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். இருதயத் துடிப்பு மிகத் தெளிவாகக் கேட்டது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையைச் சிறுவர் சுரண்ட, அவர்தம் தோழர் மறுமுனையிற் செவி வைத்துக் கேட்டு மகிழ்ந்த விளையாட்டே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்பர். இன்று வைத்தியர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்புக்கு மூலம் அக்காகிதக் குழலே. ஆகவே வைத்தியசாலை சிறுவர்க்குக் கடன்பட்டுள்ளது. அக்கடனைத் தீர்க்கும் வழி யாது?

நம் மாநில அரசு 2022 நவம்பர் 28-ஆம் நாள் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணவர்க்கு எளிய சோதனைகளை நேரிற் செய்துகாட்டுதற்கு ஏற்பட்டது. நன்முயற்சியே, ஆயினும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கே அது எட்டும். கால் முறிந்தோ, நீடித்த காய்ச்சலாலோ படுக்கையிற் கிடக்கும் கூலியாளின் பிள்ளைக்குச் சுவரே புத்தகம், விட்டமே கரும்பலகை.

இக்குறையை நீக்குதல் அரிதன்று என்பதற்குத் தருமபுரி மாவட்டத்திலேயே சான்றுண்டு. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியத் தொண்டினைத் தொடங்கினர். மலைவாழ் பெண்களையே பயிற்றிச் சுகாதாரப் பணியாளராக்கினர். உடலைப் பற்றிய அறிவு ஏழைக்கு எட்டாக்கனி அன்று என்பது இதனால் விளங்கும். தாய்மார் கற்றதனைப் பிள்ளைகள் கல்லாரோ?

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. படுக்கையைச் சுற்றியுள்ளனவே போதும்.

முதலாவது, லென்னெக்கின் காகிதக் குழல். பரவிச் சிதறும் ஒலியைக் குழல் ஒடுக்கிச் செவிக்குக் கொண்டுவருதலைச் சிறுவன் தன் தாயின் மார்பில் வைத்துத் தானே அறிவான்.

இரண்டாவது, நாடி. படுத்திருக்கையில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு, எழுந்து அமர்ந்தபின் எத்தனை என்று எண்ணி எழுதட்டும். அளவிடுதலே விஞ்ஞானத்தின் அரிச்சுவடி.

மூன்றாவது, உப்புநீர்ப் புட்டி. அதனை உயரத்தில் தொங்கவிடுவது ஏன்? நீரின் உயரம் மிகுமளவு அதன் அழுத்தமும் மிகும். அவ்வழுத்தம் இரத்தக் குழாயின் அழுத்தத்தை வென்றாலன்றி நீர் உட்செல்லாது. உண்மைப் புட்டியைத் தொடாமல், வேறொரு புட்டியும் குழாயும் கொண்டு இதனைக் காட்டலாம். தனக்கு அச்சம் விளைத்த பொருளின் காரணம் தெரிந்தவுடன் பிள்ளையின் அச்சம் பாதி அகலும்.

நான்காவது, நனைந்த துணியில் முளைக்கும் கேழ்வரகு. நாளை என்ன ஆகும் என்று எதிர்நோக்குதல் நோயாளிக்கு மருந்தன்றோ?

இவற்றினும் பெரிய பயன் ஒன்றுண்டு. இம்மாவட்டத்துப் பல ஊர்களில், பாறைகளிலிருந்து கரைந்த புளோரைடு நிலத்தடி நீரில் மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை நெடுநாள் அருந்தும் சிறுவர் பற்களிற் கறை படியும். அளவு மிக மிக எலும்பும் கேடுறும். இதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஏற்பட்டது. “என் பல் ஏன் இப்படி?” என்று கேட்கும் பிள்ளைக்கு இது விதியன்று, நீரின் குணம் என்று விளக்குவோமாயின், அவன் வீடு திரும்பி எந்நீரைப் பருகுவது என்று தன் தெருவுக்கே ஆசானாவான்.

செய்வோர் சில நெறிகளைப் போற்றுதல் வேண்டும். வைத்தியர் அனுமதியின்றித் தொடங்கற்க. தீயும் கூர்ங்கருவியும் விலக்குக. கைகளையும் பொருள்களையும் கழுவுக. கால்மணி நேரத்துக்கு மேல் நீட்டற்க. பிள்ளை களைத்தால் உடனே நிறுத்துக. யாவற்றினும் மேலாக, விடையை முந்திச் சொல்லற்க.

ஒரு சிறு பிள்ளையை அழைத்துச் சீஷர் நடுவே நிறுத்திய ஆண்டவரைப் பின்பற்றுவோம் என்கிறோம். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்களே, காகிதத் தாள் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். குழலாய்ச் சுருட்டுதற்கு அது போதும்.