டீசல் வண்டியில் வந்து மறையும் கோளாறு

ஒரேயடியாக நின்றுவிட்ட எஞ்சினைப் பழுது பார்ப்பது ஒருவகையில் எளிது. கோளாறு எங்கும் ஓடிப்போவதில்லை; நாம் கண்டுபிடிக்கும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறி, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மீண்டும் நன்றாக ஓடும் எஞ்சின் அப்படிப்பட்டதன்று. பட்டறை வாசலில் அதற்கு ஒரு குறையும் இராது; பட்டறையை விட்டு முப்பது கிலோமீட்டர் போனபின் பழைய குறை திரும்பிவிடும். இத்தகைய கோளாற்றை எவ்வாறு ஆராய்வது என்பதைப் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றேன். பொறியியல் பயிலாத அன்பர்களும் இதனைப் படிக்கலாம். பள்ளியில் கற்ற பௌதிகமே போதுமானது.

எஞ்சினுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் காற்று மிகுதியாக அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தாலேயே காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அப்போது டீசல் மிக நுண்ணிய தூவலாக உள்ளே பீச்சப்பட்டுத் தானே தீப்பற்றுகிறது. ருடால்ஃப் டீசல் என்பார் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இக்கொள்கைப்படி ஓட்டிக் காட்டிய எஞ்சினில், எண்ணெயைப் பீச்சுவதற்கே அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்குரிய கருவி மிகப் பெரியது. சிறிய வண்டிக்குள் அடங்காது. 1927-இல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் எஞ்சின் லாரிகளில் எளிதாக இடம்பெற்றது. நம் நாட்டில் இத்தகைய பம்புகளைச் செய்த மைக்கோ நிறுவனம் 1951-இல் தோன்றியது.

இந்தப் பம்பு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நான்கு சிலிண்டர் கொண்ட பிக்கப் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றும், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றும் கொள்வோம். மணிக்கு 5 லிட்டர், அஃதாவது நிமிடத்திற்குச் சுமார் 83 மில்லிலிட்டர் டீசல் செலவாகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுழன்றால், நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 4000 முறை எண்ணெய் பீச்சப்பட வேண்டும். ஒரு முறைக்கு உரியது ஏறக்குறைய 0.02 மில்லிலிட்டர், ஒரு துளியில் பாதிகூட இல்லை. இதனை அளந்து, நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தள்ளும் உறுப்புகளின் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பங்கே இருக்கும். ஆதலின் பம்பைக் கழற்றிச் சீர்செய்வது செலவு மிகுந்த வேலை. அதனைத் தொடுவது கடைசியாக இருக்க வேண்டும்.

பம்பு வரை எண்ணெய் வந்து சேரும் வழியையும் அறிந்துகொள்வோம். டாங்கிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் முனையில் வலை, அங்கிருந்து எஞ்சின் வரை நீளும் குழாய், ஃபீட் பம்பு, ஃபில்டர், அப்பால் இன்ஜெக்‌ஷன் பம்பு, இறுதியில் நாசில் என்பது வரிசை. ஃபீட் பம்பு எண்ணெயை ‘உறிஞ்சுகிறது’ என்கிறோம். உண்மையில் பம்பு தன்னிடத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறது. டாங்கியில் உள்ள எண்ணெயின் மேல் நிற்கும் காற்றே அதனைத் தள்ளிவிடுகிறது. காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்தான். ஆகவே ஃபீட் பம்புக்கு முன்னுள்ள வழியில் சிறு தடை ஏற்பட்டாலும், அதனைத் தகர்த்துக்கொண்டு வர எண்ணெய்க்கு வலு இராது.

குறையை வகைப்படுத்தல்

வண்டிக்கு இழுவை இல்லை என்றால் காரணம் நான்கு வகையுள் அடங்கும். எண்ணெய் போதாமல் இருக்கலாம். காற்று போதாமல் இருக்கலாம். இரண்டும் இருந்தும் செவ்வனே எரியாமல் இருக்கலாம். எரிந்து பிறந்த வலிமை சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் வீணாகலாம்.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய கருவிகள் வேண்டா. புகையைப் பாருங்கள். காற்று வடிகட்டி அடைத்துக் காற்று குறைந்தால், எரியாத எண்ணெய் கரும்புகையாக வரும். எண்ணெய் குறைந்தால் இழுவை குறையும். ஆனால் கரும்புகை இராது. எண்ணெயில் நீர் கலந்தாலோ, ஏதேனும் ஒரு சிலிண்டர் சரிவர எரியாவிட்டாலோ வெண்புகையும் உதறலும் தோன்றும். எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கச் சுடுமாயின் பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

இதனோடு ‘வந்து மறைகிறது’ என்னும் செய்தியையும் சேர்த்து எண்ண வேண்டும். தேய்ந்த பிஸ்டன் வளையம் பத்து நிமிட ஓய்வில் வளர்ந்துவிடுவதில்லை. தேய்மானத்தால் வரும் குறை பெரும்பாலும் நிலையானது. தேய்ந்த இன்ஜெக்‌ஷன் பம்பு இதற்கு ஓரளவு விலக்கு. சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால் அதன் குறை சூட்டில் மிகும். ஆனால் அப்போது சூடான எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்வதும் கடினமாகும். ஓய்வுக்குப் பின் மறையும் குறையோ, நிற்கும்போது விலகி ஓடும்போது வந்து ஒட்டும் ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது.

ஓர் உண்மை நிகழ்ச்சி

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து நாள்தோறும் காய்கறி வருவதை இங்குள்ளோர் அறிவர். அவ்வாறு சரக்கேற்றி வரும் பழைய பிக்கப் ஒன்றின் உரிமையாளர் எனக்கு அறிமுகமானவர்; வண்டியை ஓட்டுபவரும் அவரே. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி அது. மார்த்தாண்டம் தாண்டியதும் இழுவை குறையத் தொடங்கும். விடியுமுன் கடைவீதிக்கு வந்து சேராத காய்க்கு விலை இல்லை. ஃபில்டரை இருமுறை மாற்றியாயிற்று. பம்பைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டனர். அதற்காக அவர் வட்டிக்குப் பணம் கேட்டு வைத்திருந்தார்.

“வண்டி சட்டுனு ஆஃப் ஆகுதா, மெல்ல மெல்ல வலு குறையுதா, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஆஃப் ஆகாது தம்பி. நான் காலைக் கொடுத்துட்டேதான் இருப்பேன். பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்க மாதிரி கெடக்கும். ஓரமா நிறுத்தி, சாவியை எடுத்து, ஒரு சாயா குடிச்சிட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.”

சட்டென்று அணையாததால், எண்ணெயை நிறுத்தும் மின்சார சோலனாய்டில் கம்பி தளர்ந்திருக்கும் என்னும் ஐயம் நீங்கியது. கரும்புகை இல்லை என்றார். காற்றுக் குறையும் நீங்கியது. சூட்டிலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றார்; பம்பின் மீதிருந்த ஐயம் பெரிதும் குறைந்தது. சரக்கில்லாமல் திரும்பும்போது குறை வருவதே இல்லை என்றார். சுமை ஏறினால் எண்ணெய் மிகுதியாக வேண்டும். மிகுதியாக வேண்டும்போதுதான் வழி போதவில்லை. டாங்கி மூடியைத் திறந்து வைத்தும் ஓட்டிப் பார்த்திருக்கிறார், பயன் இல்லை. ஆகவே மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கவில்லை. இவ்வளவும் ஸ்பானரைத் தொடுமுன் தெரிந்தவை.

அவர் சொன்னவற்றுள் என் கவனத்தை ஈர்த்தது சாவியை எடுப்பதுதான். குறை வந்ததும் அவர் எஞ்சினை அணைத்துவிடுகிறார். அணைத்தவுடன் உறிஞ்சுதல் நிற்கிறது. அதனோடு சான்றும் அழிந்துவிடுகிறது. குறை இருக்கும்போதே அதனைக் காண வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில், சுத்தமான டீசல் நிறைந்த கேன் ஒன்றை வண்டியின் பின்பகுதியில் உறுதியாகக் கட்டினோம். ஃபீட் பம்புக்குப் போகும் குழாயையும், மிகுந்த எண்ணெய் திரும்பும் குழாயையும், சைலன்சர் சூடு படாத வழியில் அக்கேனோடு இணைத்தோம். சரக்கின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வரை சென்று திரும்பினோம். ஒருமுறையும் திணறவில்லை. பம்பு, ஃபில்டர், நாசில் மூன்றும் குற்றமற்றவை என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்து, குழாய்களைப் பழையபடி டாங்கியோடு இணைத்து, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்திற்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும் மென்மையான பிளாஸ்டிக் குழாயைச் செருகினோம். மாற்றியது அது ஒன்றுதான். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்று அறிய முடியாது. திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரைக்கருகே இழுவை குறைந்தது. எஞ்சினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்தோம். வெளிக்காற்று நுழையும் பெரிய குமிழிகள் இல்லை. ஆகவே இணைப்பு எதுவும் ஏர் எடுக்கவில்லை. ஆனால் அம்மென்குழாய் இருபுறமும் அமுங்கித் தட்டையாகிக் கிடந்தது. எஞ்சினை அணைத்ததும் சிறிது நேரத்தில் மீண்டும் உருண்டையாயிற்று. அண்ணாச்சி அதனைக் குனிந்து பார்த்துவிட்டு, “அப்ப டாங்கியிலதான் தம்பி” என்றார்.

டாங்கியை இறக்கிப் பார்த்தபோது அடியில் துருவும் வழவழப்பான சேறும் இருந்தன. அவற்றோடு விரலகலப் பிளாஸ்டிக் தாள் ஒன்றும் மிதந்துகொண்டிருந்தது. எஞ்சின் மிகுதியாக உறிஞ்சும்போது அது வலையில் போய் ஒட்டும், நின்றதும் விலகும். ஐயமுள்ளவர்கள் ஒரு குவளை நீர், ஒரு உறிஞ்சு குழல், ஒரு துண்டுப் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். டாங்கியைக் கழுவி மாட்டிய பிறகு இரண்டு வாரம் நாள்தோறும் சரக்கேற்றி ஓடியும் குறை வரவில்லை. அதன் பின்னரே கோளாறு தீர்ந்தது என்று ஒப்புக்கொண்டோம். கழுவுகூலி தவிர அவருக்குப் பெரிய செலவு இல்லை. கேட்டு வைத்த கடனும் வாங்கப்படவில்லை.

நம் ஊருக்கு உரிய சில குறிப்புகள்

இங்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கின்றன, கடற்காற்றும் ஈரமானது. பாதி நிரம்பிய டாங்கியின் மேற்புறத்தில் இரவில் ஈரம் துளியாகப் படிந்து எண்ணெயில் இறங்குகிறது. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம்தான். நீர் அதனினும் கனமானது. ஆகவே அடியில் தங்குகிறது. நீரும் எண்ணெயும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து மேலே சொன்ன சேற்றை உண்டாக்குகின்றன. மழைக்காலத்தில் இரவு நிறுத்துமுன் டாங்கியை நிரப்பி வைப்பதும், ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடிப்பதும் நல்ல பழக்கங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. நாசிலிலிருந்து பீறிடும் டீசலின் முன் கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. மற்றொன்று, சரிவில் எஞ்சின் அணைந்துபோனால் நேரும் ஆபத்து. பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடத்தை எஞ்சினால் இயங்கும் பம்பே உண்டாக்குகிறது. எஞ்சின் நின்றபின் சிலமுறை மிதித்தால் அது தீர்ந்துபோய், பிரேக் மிகக் கடினமாகிவிடும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பொன்முடிச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவோர்க்கு இதன் பொருள் விளங்கும். ‘சில நேரம்தானே திணறுகிறது’ என்று இக்குறையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முடிவாக, பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருப்பின், பட்டறைக்குப் போகுமுன் ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். புறப்பட்டு எவ்வளவு தூரத்தில் குறை வந்தது? சுமை இருந்ததா? டாங்கியில் எண்ணெய் எவ்வளவு? புகை என்ன நிறம்? எதைச் செய்தபின் குறை நீங்கியது? இவ்வைந்துக்கும் விடை தெரிந்த மெக்கானிக், டாங்கியிலிருந்து தொடங்கி, செலவு குறைந்ததை முதலிலும் மிகுந்ததைக் கடைசியிலும் சோதித்துக்கொண்டே பம்பை நோக்கி வருவார். விடை தெரியாதவர் பம்பிலிருந்து தொடங்குவார்.