கதைக்கும் ஆங்கிலமும் பரீட்சை ஆங்கிலமும்



இலங்கையிலிருந்தும் ஜேர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளிலிருந்தும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இலண்டனுக்கு வரும் எமது பிள்ளைகள் ஓரிரு வருடங்களில் ஆங்கிலத்தில் சரளமாகக் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நாமும் ஆறுதல் அடைகிறோம். ஆனால் கதைக்கும் மொழி வேறு, பாடநூலின் மொழி வேறு. பின்னையது கைவர ஐந்து முதல் ஏழு வருடங்கள் செல்லலாம் என்பதைக் கனடாவின் ஜிம் கமின்ஸ் எடுத்துக்காட்டினார்.

இடையில் பரீட்சை வந்துவிடுகிறது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையும் வினா விளங்காமையால் கீழ்ப்பிரிவில் சேர்க்கப்படலாம். ஜி.சி.எஸ்.ஈ. கணிதத்தில் 'ஃபவுண்டேஷன்' தாள் எழுதுபவருக்கு எவ்வளவு திறமையாகச் செய்தாலும் 5க்கு மேற்பட்ட தரம் கிடையாது. ஏ லெவல் கணிதத்துக்கோ பல பாடசாலைகள் 6 அல்லது 7 கேட்கின்றன.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. பழகிய சொல், புதிய பொருள்

'மீன்' என்பது கணித வகுப்பில் சராசரி. 'வால்யூம்' தொலைக்காட்சியில் சத்தம், கணிதத்தில் கனவளவு. 'சொலூஷன்' கணிதத்தில் தீர்வு, இரசாயனத்தில் கரைசல். 'புரொடக்ட்' கடையில் பொருள், கணிதத்தில் பெருக்கம், இரசாயனத்தில் விளைவு. இவற்றைக் கேட்டால் பிள்ளை "தெரியும்" என்றுதான் சொல்லும். ஆகவே எந்தப் பாடத்தில் என்ன பொருள் என்று கேளுங்கள்.

2. வினாவின் கட்டளைச் சொல்

'டிஸ்கிரைப்' என்றால் எப்படி இருக்கிறது, என்ன நடந்தது என்று விவரிக்க வேண்டும். 'எக்ஸ்பிளெய்ன்' என்றால் ஏன் என்று காரணம் கூற வேண்டும். 'கம்பேர்' என்றால் ஒற்றுமை வேற்றுமை காட்ட வேண்டும். காரணம் கேட்ட இடத்தில் விவரித்தால் புள்ளி இல்லை.

3. சொற்குடும்பம்

நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில், பல துறைக் கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களை 570 குடும்பங்களாகத் தொகுத்தார். 'அனலைஸ்' படிக்கும்போதே 'அனாலிசிஸ்', 'அனலிட்டிக்கல்' இரண்டையும் சேர்த்துப் படிப்பது இலாபம். நாளுக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றையும் சொந்த வசனத்தில் எழுதி, மறுநாளும் மறுவாரமும் மீட்டிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலம் வளர வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். பாடசாலை வாசலில் பிள்ளை தன் வீட்டு மொழியைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை என்று இந்நாட்டு அரசு அமைத்த புல்லக் குழுவே 1975இல் கூறியது. தமிழ்மொழி மூலம் படித்த தாய்தந்தையருக்குத் தீர்வு, கரைசல் என்ற தனித்தனிச் சொற்கள் தெரியும். அவற்றைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளையின் மயக்கம் தீரும்.

நாம் அன்று படித்த விஞ்ஞானப் பாடம் வீண்போகவில்லை. இன்றிரவே பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து ஐந்து சொற்களுடன் தொடங்குவோம்.