பல்கலைக்கழக வேலை விளம்பரத்தைப் படிப்பது எப்படி?

அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் ஆராய்ச்சிப் பணி என்றாலே, "அதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் கருவிகளை இயக்க டிப்ளமோ படித்தவர்களும் வேண்டும்.

விளம்பரத்தில் மூன்றைக் கவனியுங்கள்.

1. தகுதி: ஜே.ஆர்.எஃப். பதவிக்குப் பொதுவாகப் பட்டமும் நெட் அல்லது கேட் தேர்ச்சியும் கேட்பார்கள். நாம் பார்க்க வேண்டியது டெக்னீஷியன், தொழில்நுட்ப உதவியாளர் பதவிகளை.

2. காலம்: "திட்டம் முடியும் வரை" என்றிருந்தால், திட்டத்தோடு வேலையும் முடிந்துவிடும்.

3. சம்பளம்: "தொகுப்பூதியம்" என்றால் மாதம் ஒரே தொகைதான், அகவிலைப்படி தனியாக வராது.

முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் வீடுகளில், "பையனுக்குக் கவர்மெண்ட் வேலை கிடைச்சாச்சு" என்று நம்பிக் கடன் வாங்கிவிடுவார்கள். சேருமுன் இதை விளக்கிச் சொல்லுங்கள். சேர்ந்தபின் நன்றாகக் கற்று, அனுபவச் சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். அடுத்த வேலைக்கு அதுவே ஏணி!